தொழில் தெரிந்தவனின் காமெடி: பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’

1926 ஜூலை 23. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் காட்டேஜ் க்ரோவ் என்ற ஊருக்குப் பக்கத்தில், ரோ ஆற்றின் குறுக்கே படத்துக்காகவே மரத்தில் ஒரு பாலம் கட்டி, அதற்குத் தீ வைத்து, அதன் மேல் நிஜமான ஒரு நீராவி எஞ்சினை ஓடவிட்டார்கள். பாலம் நடுவில் முறிந்து எஞ்சின் ஆற்றுக்குள் போய் விழுந்தது. பொம்மை எஞ்சின் கிடையாது, தந்திரக் காட்சி கிடையாது, சரியாக வராவிட்டால் இன்னொரு முறை எடுக்கவும் வழி கிடையாது. வேடிக்கை பார்க்கச் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் வந்து கூடியிருந்தார்கள். இந்த ஒரே ஷாட்டுக்கு 42,000 டாலர் செலவு என்று சொல்வார்கள். மௌனப் படக் காலத்திலேயே அதிகம் செலவு பிடித்த ஷாட் என்ற பேரும் இதற்குத்தான். விழுந்த எஞ்சினை வெளியே எடுக்கவும் இல்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பழைய இரும்புக்கு ஆள் வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை அது அந்த ஆற்றிலேயே கிடந்தது.

இவ்வளவு செய்து எடுத்த பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ படம் 1927-இல் அமெரிக்காவில் வெளியாகித் தோற்றது. போட்ட பணம் கூடத் திரும்பவில்லை, விமர்சகர்களும் கைவிட்டார்கள். அதே படம் பிற்பாடு உலகின் தலைசிறந்த படங்கள் பட்டியலில் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை. ஒரு படம் முதலில் தோற்று அப்புறம் கொண்டாடப்படுவது சினிமாவில் புதிதில்லை, ஆனால் இந்தப் படத்தில் எது 1927-இன் ரசிகனைத் தள்ளி நிறுத்தியதோ அதுவேதான் நம்மை இழுக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மௌனப் படக் காமெடி என்றால் நம் ஊரில் சாப்ளின் பெயரைத்தான் சொல்வோம். கீட்டனை அந்த அளவுக்குத் தெரியாது. 1895-இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தவர், அப்பா அம்மா இருவருமே மேடைக் கலைஞர்கள், நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே இவரும் மேடை ஏறிவிட்டார். அப்பா பையனைத் தூக்கி எறிவார், பையன் உருண்டு எழுந்து நிற்பான், அதுதான் அவர்கள் குடும்ப நிகழ்ச்சி. அந்த வயதிலேயே அவர் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டார். ஒன்று, அடிபடாமல் விழுவது எப்படி. இன்னொன்று, தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது, முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டால் கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கிறது. ‘கல் முகம்’ என்று அவருக்குப் பேர் வந்தது அப்படித்தான். இன்னொரு விஷயமும் உண்டு, இந்தப் படத்துக்கு அதுதான் முக்கியம்: அவருக்கு இயந்திரங்கள் என்றால் உயிர். நடிகனாகாமல் போயிருந்தால் சிவில் எஞ்சினியர் ஆகியிருப்பேன் என்று சொன்னவர்.

கதைக்கு அடிப்படை நிஜமாக நடந்த சம்பவம். வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிக்கொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 ஏப்ரல் 12 அன்று, ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற வடதரப்பு உளவாளி சுமார் 20 பேரோடு சாதாரணப் பயணிகளைப் போல ஒரு ரயிலில் ஏறினார். ஜார்ஜியா மாநிலத்தில் பிக் ஷாண்டி என்ற ஸ்டேஷனில் ரயில் நின்று, டிரைவரும் கண்டக்டரும் பயணிகளும் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கிய நேரம் பார்த்து, எஞ்சினோடு சில பெட்டிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வடக்கே ஓட்டிவிட்டார்கள். அந்த எஞ்சினின் பெயர்தான் ‘ஜெனரல்’. அட்லாண்டாவுக்கும் சாட்டனூகாவுக்கும் இடையே போகும் அந்த ஒற்றைப் பாதையின் பாலங்களை எரித்து, தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டால் தெற்கின் படைக்குப் போகும் சரக்கெல்லாம் நின்றுவிடும் என்பது திட்டம். முந்தைய நாட்களில் பெய்த மழையில் பாலங்கள் நனைந்திருந்ததால் எரிக்க முடியவில்லை. ஒற்றைப் பாதை என்பதால் எதிரே வரும் ரயில்களுக்கு வழிவிட்டு இடையில் ஒரு ஸ்டேஷனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடக்க வேண்டி வந்தது. இதற்கிடையில் கண்டக்டர் வில்லியம் ஃபுல்லர் முதலில் காலால் ஓடி, அப்புறம் கைவண்டி கிடைத்து, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின்கள் மாறி, கடைசியில் ‘டெக்சஸ்’ என்ற எஞ்சினைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு துரத்தினார். விறகு தீர்ந்து ‘ஜெனரல்’ நின்றது. ஆண்ட்ரூஸ் உட்பட 8 பேரைத் தூக்கில் போட்டார்கள். உயிர் பிழைத்தவர்களில் ஒருவரான வில்லியம் பிட்டெங்கர் இதைப் புத்தகமாக எழுதினார். அந்தப் புத்தகத்தைக் கீட்டனிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கிளைட் பிரக்மன், படத்தை அவரோடு சேர்ந்து இயக்கியவர்.

இதைப் படித்தாலே தெரியும், இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கீட்டன் எடுத்துக்கொண்டது துரத்தலின் எலும்புக்கூட்டை மட்டும். படத்தில் ஜானி கிரே என்ற தெற்கத்தி எஞ்சின் டிரைவருக்கு இரண்டு காதல்: ஒன்று ‘ஜெனரல்’, இன்னொன்று அனபெல் லீ என்ற பெண். போர் மூண்டதும் படையில் சேரப் போகிறான். எஞ்சின் ஓட்டுபவன் படையில் இருப்பதைவிட ரயிலில் இருப்பதுதான் பயன் என்று அவனைச் சேர்த்துக்கொள்ளாமல் விடுகிறார்கள், ஆனால் காரணத்தை அவனிடம் சொல்வதில்லை. பயந்தாங்கொள்ளி என்று நினைத்து அவளும் விலகிவிடுகிறாள். ஒரு வருஷம் கழித்து வடதரப்பு உளவாளிகள் எஞ்சினைத் திருடும்போது அனபெல்லும் அதில் மாட்டிக்கொள்கிறாள். ஜானி துரத்துகிறான். முதல் பாதி முழுக்க வடக்கு நோக்கித் துரத்தல். எதிரி முகாமுக்குள் போய் எஞ்சினையும் அவளையும் மீட்டுக்கொண்டு, இரண்டாம் பாதி முழுக்கத் தெற்கு நோக்கி ஓட்டம், இப்போது துரத்துவது அவர்கள். கதை இவ்வளவுதான், ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும்.

இந்தக் கதைக்கு ரயில் பாதை என்ன செய்கிறது என்று பாருங்கள். சாலையில் நடக்கும் துரத்தலில் யார் எந்தப் பக்கம் திரும்பினார்கள், யாருக்கு யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று குழம்பிப்போவோம். தண்டவாளத்தில் அந்தப் பிரச்சினையே இல்லை. முன்னால் போகலாம், பின்னால் வரலாம், தண்டவாளம் பிரியும் இடத்தில் பாயிண்ட் மாற்றினால் கிளைப் பாதைக்குள் நுழையலாம், வேறு வழியே கிடையாது. அதனால் ஒவ்வொரு நொடியும் நமக்கு எல்லாமே தெரிகிறது, ஜானிக்கு மட்டும் ஏதோ ஒன்று தெரியாமல் இருக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டு விறகு வெட்டிக்கொண்டே இருக்கிறான், அவனுக்குப் பின்னால் சொந்தப் படை பின்வாங்கிப் போகிறது, எதிரிப் படை உள்ளே நுழைகிறது, அவன் நிமிரவே இல்லை. ஒரே சட்டகத்துக்குள் போரும் இருக்கிறது, வேலையில் மூழ்கிய ஒரு மனிதனும் இருக்கிறான். கடைசியில் நிமிர்ந்து பார்க்கும்போது அவன் எதிரி மண்ணில் இருக்கிறான். அவன் கோமாளித்தனம் எதுவும் செய்யவில்லை, வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே கவனித்துச் செய்தான், அவ்வளவுதான்.

படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலக் காமெடியில் பெரும்பாலும் ஒரு வேலையும் சரியாகத் தெரியாத ஒருவன் எல்லாவற்றையும் கெடுப்பான், நாம் சிரிப்போம். ஜானி கிரேக்கு வேலை தெரியும். பிரமாதமாகத் தெரியும். பாய்லருக்கு எப்போது விறகு போட வேண்டும், எங்கே தண்ணீர் பிடிக்க வேண்டும், எந்த பாயிண்டை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் எல்லாம் அத்துப்படி. அவன் தடுமாறுவது வேலையில் இல்லை. பெண்ணிடம், படையிடம், அதிகாரிகளிடம் தடுமாறுகிறான். எஞ்சினில் ஏறிவிட்டால் அவன் கைக்கு எல்லாம் வந்துவிடுகிறது. அங்கே அவனை மடக்குவது பௌதிகம் ஒன்றுதான்.

பீரங்கிக் காட்சி இதற்கு நல்ல உதாரணம். ஜானி துரத்துவதற்காகத் தான் ஓட்டும் வேறொரு எஞ்சினுக்குப் பின்னால் பீரங்கி ஏற்றிய ஒரு வண்டியை மாட்டிக்கொள்கிறான். முதல் தடவை மருந்தைத் துளியாகப் போட, குண்டு சோம்பலாகப் பறந்து அவனுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. சரி, இந்த முறை விடக் கூடாது என்று மருந்தை மொத்தமாகக் கொட்டித் திரியைப் பற்றவைத்துவிட்டுத் திரும்புகிறான், அந்தச் சமயத்தில் வண்டியின் இணைப்பு கழன்று தண்டவாளத்தில் இடிக்க ஆரம்பிக்க, இடிக்கிற ஒவ்வொரு அதிர்வுக்கும் பீரங்கியின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி நேராக அவனைக் குறிவைத்து நிற்கிறது. திரி எரிகிறது. அவனுக்கு ஓட இடமில்லை, ஒற்றைப் பாதை. பயந்து எஞ்சினின் முன்முனைக்கே போய்விடுகிறான். அந்த நொடியில் பாதை வளைகிறது, அவன் எஞ்சின் வளைவில் திரும்பிவிட, குண்டு நேராகப் போய் முன்னால் ஓடும் திருடர்களுக்குப் பக்கத்தில் வெடிக்கிறது. அவர்கள் பின்னால் ஒரு படையே வருகிறது என்று நடுங்குகிறார்கள். ஒருவன் செய்த தப்பு, ரயில் பாதையின் வளைவு, பீரங்கியின் எடை, இந்த மூன்றும் சரியான வரிசையில் வந்து சேர்ந்ததால் அவன் பிழைக்கிறான். இதில் எதையும் நாம் நம்பாமல் இருக்க முடியாது, ஏனென்றால் எல்லாம் கண் முன்னால் நிஜமாக நடக்கிறது.

இன்னொரு இடம், இதைவிடச் சின்னது, எனக்கு இதைவிடப் பிடித்தது. தப்பி ஓடுபவர்கள் தண்டவாளத்தின் குறுக்கே ஸ்லீப்பர் கட்டைகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஜானி இறங்கி ஓடி ஒரு கட்டையைப் பிடித்து இழுக்கிறான், அதற்குள் மெதுவாக வந்துகொண்டிருக்கும் அவன் எஞ்சினே முன்பக்கத்துத் தடுப்புச் சட்டத்தால் அவனைக் கட்டையோடு அள்ளிக்கொள்கிறது. மடியில் கனமான கட்டை, எதிரே தண்டவாளத்தின் மேல் அடுத்த கட்டை, எஞ்சின் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. கையிலிருப்பதைத் தூக்கி எதிரே கிடக்கும் கட்டையின் நுனியில் சரியாக எறிகிறான், அது நெம்பி எழும்பி இரண்டுமே பாதையை விட்டு ஓரமாகப் போய் விழுகின்றன. ஒரே ஷாட், நடுவில் வெட்டு இல்லை. கொஞ்சம் தவறியிருந்தால் எஞ்சின் தடம் புரண்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர் முதலில் போயிருப்பார். முகத்தில் ஒரு அசைவு கூட இல்லாமல் செய்கிறார்.

அனபெல் அவனைத் தள்ளிவைத்த பிறகு வரும் காட்சியையும் சொல்லியாக வேண்டும். மனசு உடைந்து எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் நீளமான இரும்புத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறான். யோசனையில் இருக்கும்போதே எஞ்சின் கிளம்ப, தண்டு மேலே போய்க் கீழே வருகிறது, அவனும் மேலே போய்க் கீழே வருகிறான், ஷெட்டுக்குள் நுழையும் சமயத்தில்தான் அவனுக்கு உறைக்கிறது. பார்க்க எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்தான காட்சி அது. ஓட்டுபவர் நீராவியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால் சக்கரம் தண்டவாளத்தில் பிடிக்காமல் வேகமாகச் சுழன்று, தண்டில் இருந்தவரைத் தூக்கி வீசியிருக்கும். கண்ணீர், வசனம், நெஞ்சில் கை வைப்பது எதுவுமில்லாமல் ஒரு மனிதனின் துக்கத்தை ஒரு இயந்திரத்தின் அசைவால் காட்டிய இந்த இடத்துக்கு ஈடாக நான் அதிகம் பார்த்ததில்லை.

சம்பவம் நடந்த தெற்கை விட்டு ஓரிகனுக்குப் போனதற்கும் காரணம் இந்தப் பிடிவாதம்தான். நிஜமான ‘ஜெனரல்’ எஞ்சின் அப்போது சாட்டனூகா ஸ்டேஷனில் காட்சிக்கு நின்றிருந்தது. அதையே வாங்கிப் படமெடுக்கக் கீட்டன் கேட்டார், ஆனால் எடுக்கப் போவது காமெடி என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பி அது நடக்காமல் போனது. பழைய காலத்து எஞ்சின்களும் அந்தக் காலத்து மாதிரியான பாதையும் காட்டேஜ் க்ரோவில் கிடைத்தன. அங்கே போய் ஒரு ஊரையே எழுப்பினார்கள். ஓரிகன் தேசியக் காவல்படை வீரர்கள் சுமார் 500 பேர் போர்க்காட்சிகளில் நடித்தார்கள், வடதரப்பின் நீலச் சட்டை போட்டு ஒரு பக்கம் ஓடியவர்களே தெற்கின் சாம்பல் சட்டைக்கு மாறி எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள். விறகு எஞ்சின்களின் பொறி பட்டுச் சுற்றியிருந்த வயல்களும் காடும் பற்றிக்கொண்டன, புகையால் படப்பிடிப்பே கொஞ்ச காலம் நின்றது. 4 லட்சம் டாலரில் முடிக்கலாம் என்று ஆரம்பித்தது ஏறக்குறைய 7.5 லட்சத்தில் போய் நின்றது.

வசூல் அமெரிக்காவில் 4.75 லட்சம் டாலரைத் தாண்டவில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ கீட்டனின் முந்தைய படங்கள் அளவுக்கு இல்லை என்றது. ராபர்ட் ஷெர்வுட் என்ற விமர்சகருக்குப் போர்க்களத்தில் ஆட்கள் சாவதை வைத்துச் சிரிக்க முடியாது என்ற வருத்தம். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசிப் போர்க்காட்சியில் ஜானியின் வாள் பிடியிலிருந்து கழன்று பறந்து மறைந்திருக்கும் எதிரி மேல் குத்துகிறது, அந்த ஆள் நிஜமாகவே செத்துப்போகிறான். அடிபட்டவன் எழுந்து ஓடுவதைப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு இது எப்படி இருந்திருக்கும்? அப்புறம் இன்னொன்று. இடைவிடாத சிரிப்பை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முன்னால் கீட்டன் நிதானமாக ஒரு ரயில் எப்படி ஓடுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பு வரும், ஆனால் அது பாதை போட்டு, சக்கரம் உருண்டு, நேரம் எடுத்துத்தான் வரும். இதைத்தான் முதலில் சொன்னேன். எடையுள்ள பொருட்களும் நிஜமான சாவும் இருந்ததால் அன்று இது காமெடியாகவே தெரியவில்லை. அதே எடைதான் கணினியில் வரைந்த ரயில்களைப் பார்த்துச் சலித்த நம் கண்ணுக்கு இன்று ஆச்சரியமாக இருக்கிறது.

தோல்வியின் விலையைக் கீட்டன்தான் கொடுத்தார். தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் செலவில் கையை இறுக்கினார். இன்னும் இரண்டு படங்கள் சொந்தப் படக்குழுவோடு எடுத்தார், இரண்டாவதில்தான் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்ந்து விழ, ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து அவர் தப்பிப்பார். ஜாக்கி சான் பின்னாளில் தன் படத்தில் இந்தச் சுவர்க் காட்சியை மறுபடி செய்தார். 1928-இல் கீட்டன் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோவான எம்ஜிஎம் கம்பெனிக்குப் போனார். வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தப்பு அது என்று பின்னால் அவரே சொன்னார். அங்கே எல்லாவற்றுக்கும் எழுதிய ஸ்கிரிப்ட் வேண்டும், அனுமதி வேண்டும், ஆபத்தான காட்சிக்கு வேறு ஆள் போட வேண்டும். ஆற்றங்கரையில் நின்று எதைப் பார்த்தாரோ அதிலிருந்து காமெடியைக் கண்டுபிடித்த ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். குடி, விவாகரத்து, வேலையிழப்பு என்று பத்து வருஷங்கள் போயின.

திரும்பி வந்த கதை மெதுவாக நடந்தது. 1949-இல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி ‘லைஃப்’ பத்திரிகையில் மௌனக் காமெடியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி, கீட்டனைச் சாப்ளின், ஹெரால்ட் லாய்டோடு ஒரே வரிசையில் உட்காரவைத்தார். 50-களில், கீட்டன் முன்பு வாழ்ந்த வீட்டை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே பழைய படச் சுருள்களைக் கண்டெடுத்தார். ரேமண்ட் ரோஹாவர் என்பவர் பிரதிகளைத் தேடிச் சேர்த்து மறுபடி திரையிட்டார். 1960-இல் கௌரவ ஆஸ்கர் வந்தது. 1965-இல் வெனிஸ் விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார். நல்லவேளையாக அந்தக் கைதட்டலைக் கேட்டுவிட்டுப் போனார். 1972-இலும் 1982-இலும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை விமர்சகர்களிடம் கேட்டுத் தயாரித்த உலகின் முதல் பத்துப் படங்களில் ‘தி ஜெனரல்’ இருந்தது. 1989-இல் அமெரிக்கா தன் தேசியப் படப் பதிவேட்டைத் தொடங்கியபோது சேர்த்த முதல் 25 படங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் 1998 பட்டியலில் இடமே இல்லை, 2007-இல் நேராக 18-ஆம் இடம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. படத்தின் நாயகன் அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தரப்பைச் சேர்ந்தவன். நிஜ சம்பவத்தில் துரத்தியவர்கள் தெற்கத்தியர்கள் என்பதால் கதை இயல்பாக அவர்கள் பக்கம் போனது. போரில் தோற்றவர்களை வில்லனாகக் காட்டினால் பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்பது கீட்டன் சொன்ன கணக்கு. அவர் அரசியல் பேச வந்தவர் இல்லை. ஆனால் 1861-இன் ஜார்ஜியாவை இவ்வளவு நுணுக்கமாக, தொப்பி, பட்டன், எஞ்சினின் புகைபோக்கி வரை சரிபார்த்து எழுப்பியவர் அந்த மண்ணில் அடிமைகளாக உழைத்தவர்களை மட்டும் ஏறக்குறைய முழுசாகவே சட்டகத்துக்கு வெளியே விட்டிருக்கிறார். தெற்கின் கொடியைப் பிடித்துக்கொண்டு ஜானி நிமிர்ந்து நிற்கும் இடத்தில் 20-களின் அமெரிக்கா எதை மறக்க விரும்பியது என்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை, நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற படம். அந்த வெற்றிடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறேன்.

அனபெல்லாக நடித்த மரியன் மேக்கைப் பற்றியும் யாரும் அதிகம் பேசுவதில்லை. மூட்டைக்குள் கட்டப்பட்டு, பொறியில் கால் மாட்டி, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் முழுசாக நனைந்து, கீட்டன் பட்ட பாட்டில் பாதியை அவரும் பட்டிருக்கிறார். எஞ்சினுக்கு அவசரமாக விறகு வேண்டும் எனும்போது அவள் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்குகிறாள், ஒரு குச்சியைப் பொறுக்கி அக்கறையாக அடுப்பில் போடுகிறாள். ஜானி எரிச்சலில் ஒரு துரும்பை எடுத்து நீட்டுகிறான், அதையும் வாங்கி அவள் போட, பாய்ந்து கழுத்தைப் பிடித்து உலுக்கிவிட்டு உடனே முத்தம் கொடுக்கிறான். படத்தில் அவன் காதலைச் சொல்லும் ஒரே நேர்மையான இடம் அதுதான்.

1950-களில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் படம் அமெரிக்காவில் பொதுச்சொத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஓடும் நேரம் ஒன்றேகால் மணிதான். ஆனால் கண்ட பிரதியைத் திறக்காதீர்கள். மங்கலாக, தேவைக்கு மேல் வேகமாக ஓடும், ஏதோ ஒரு பியானோவை ஒட்டவைத்த பிரதிகள் நிறைய உலவுகின்றன, அவற்றில் பார்த்தால் எஞ்சினுக்கு எடையே இருக்காது, எடை போனால் படமும் போய்விடும். சுத்தம் செய்து புதுப்பித்த பதிப்பைத் தேடுங்கள். இசைக்கு கார்ல் டேவிஸ் போட்டது ஒன்று இருக்கிறது, ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் படங்களுக்கு இசையமைத்த ஜோ ஹிசைஷி போட்டது ஒன்று இருக்கிறது, முதல் தடவைக்கு நான் டேவிஸைச் சொல்வேன், துரத்தலின் வேகம் அவர் கையில் சரியாக நிற்கிறது. முடிந்தால் பெரிய திரையில், பக்கத்தில் நாலு பேர் சிரிக்கும்போது பாருங்கள்.